சாய்ந்து நிற்கும் கொட்டை எழுத்து

சென்னைப் பட்டணத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் பெரும் பாதையில், பாலாற்றுக்குச் சமீபமாக, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகச் சில ஊர்கள் இருக்கின்றன. 2019-ஆம் வருஷத்தில் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆனபடியால் இவ்வூர்கள் இப்போது மூன்று ஜில்லாக்களுக்குச் சொந்தமானவை. தோலுக்கு மட்டும் இந்தப் பாகப்பிரிவினை விஷயம் தெரியாது. அது முன்போலவே ஓர் ஊரில் பதமாகி, இன்னோர் ஊரில் பூட்ஸாகி, கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆம்பூர் என்றதும் நேயர்களில் பலருக்குப் பிரியாணிதான் முதலில் ஞாபகம் வரும் என்பதை அறிவேன். அதற்கு அடுத்தபடியாகப் பூட்ஸ் ஞாபகம் வரும். அந்தப் பூட்ஸுக்கு உள்ளே, குதிகால் படும் இடத்தில், தங்க நிறத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த எழுத்தைப் பற்றியது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்கள் அநேகம். ஆகவே கடைத்தெருவில் ஒரே பெயர்ப் பலகையில் மூன்று லிபிகளைப் பார்க்கலாம். தமிழ் எழுத்து தூண் நட்டது போல் நேராக நிற்கிறது. உருது எழுத்து வலது பக்கத்தில் உயரத்தில் ஆரம்பித்து, சரிவில் இறங்குவது போல் இடது பக்கம் இறங்குகிறது. ஆங்கில எழுத்தோ, சில பலகைகளில், நன்றாகச் சதை பிடித்து, வலது பக்கமாகச் சாய்ந்து, காலில் சிறு பாதங்களோடு எங்கேயோ அவசரமாக ஓடுவது போல் இருக்கிறது. இந்தக் கடைசி எழுத்தை அச்சுக்கூடத்துக்காரர்கள் ‘போல்டு இட்டாலிக்’ என்பார்கள். நாம் ‘தடித்த சாய்வெழுத்து’ என்று சொல்லலாம். பூட்ஸுக்குள் இருப்பதும் பல சமயங்களில் இவரேதான்.

இந்த ஆசாமிக்கு மூன்று பூர்வீகங்கள் உண்டு. காலில் உள்ள சிறு பாதத்துக்கு ‘ஸெரிப்’ என்று பெயர். அது ரோமாபுரியில் பிறந்தது. கி.பி. 113-ஆம் வருஷத்தில் எழுப்பிய திராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூணில் அந்தப் பாதங்களை இன்றும் காணலாம். கோடு முடியும் இடத்தில் உளியை வெறுமனே எடுத்துவிடாமல், இரு புறமும் சற்றே இழுத்து முடித்தார்கள். எழுத்து தரையில் ஊன்றி நிற்பது போன்ற தோற்றம் அதனால் ஏற்பட்டது.

சாய்வு பிறந்த இடம் வெனிஸ் நகரம். அங்கே ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகத் தலைவர் ஒருவர் இருந்தார். பெரிய பெரிய புத்தகங்களை மேஜை மேல் வைத்துக்கொண்டு படித்த காலம் அது. சிறிய புத்தகங்களாகப் போட்டால் படித்தவர்கள் கையோடு எடுத்துக்கொண்டு போவார்களே என்று அவர் எண்ணினார். அந்தக் காலத்துப் படிப்பாளிகளும் குமாஸ்தாக்களும் வேகமாக எழுதும்போது எழுத்து இயற்கையாகவே வலப்புறம் சாய்ந்து, நெருங்கி விழுந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து பிரான்ஸெஸ்கோ கிரிப்போ என்ற தொழிலாளி எஃகில் அச்சு வெட்டிக் கொடுத்தார். 1501-ஆம் வருஷத்தில் வர்ஜில் என்னும் லத்தீன் மகாகவியின் நூல் முழுவதும் அந்தச் சாய்வெழுத்தில் வெளிவந்தது. இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. சாய்வெழுத்து முதலில் எதையும் அழுத்திச் சொல்வதற்காக ஏற்பட்டதன்று. அது ஒரு தனி எழுத்து. முழுப் புத்தகத்தையும் அதிலேயே அடித்தார்கள். பின்னால்தான், நேர் எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டும் ஏவலாளாக அது மாறிற்று.

தடிப்பு வந்தது லண்டன் சுவர்களிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரிச் சீட்டுக்காரர்களும் நாடகக் கம்பெனிகளும் வண்டிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு சுவரெங்கும் விளம்பரங்களை ஒட்டினார்கள். தெருவில் போகிறவன் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டுமென்றால் பூஞ்சை எழுத்து போதுமா? ராபர்ட் தார்ன் முதலிய எழுத்து வார்ப்படக்காரர்கள் எழுத்துக்கு நெய்யும் பாலும் ஊட்டிக் கொழுக்க வைத்தார்கள். 1845-இல் ராபர்ட் பெஸ்லி என்பவர் ‘கிளாரெண்டன்’ என்ற பெயரில் சற்று அடக்கமான தடித்த எழுத்து ஒன்றை வெளியிட்டார். அது சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் சேர்ந்து நிற்கக் கூடியது. அகராதிகளில் தலைச்சொல் தடித்தும் பொருள் மெலிந்தும் இருக்கிறதே, அந்த ஏற்பாடு இதனால் சௌகரியமாயிற்று. பெஸ்லி தம் எழுத்தைப் பிறர் காப்பியடிக்காமலிருக்கச் சட்டப்படி பதிவு செய்தார். மூன்று வருஷந்தான் பாதுகாப்பு. அது முடிந்ததும் எல்லோரும் காப்பியடித்தார்கள். ஆல்டஸ் பாடும் அதுவே. அவர் வெனிஸ் அரசாங்கத்திடம் தனி உரிமை வாங்கியிருந்தும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகர அச்சகத்தார் சாய்வெழுத்தைத் திருடிக் கொண்டார்கள். எழுத்துத் திருட்டு எழுத்தாளர்கள் மட்டும் செய்யும் காரியமன்று.

ஆகக் கல்லிலிருந்து பாதமும், பேனாவிலிருந்து சாய்வும், சுவரொட்டியிலிருந்து தடிப்பும் சேர்ந்து உண்டானவர் நம் கதாநாயகர். குணத்திலும் இந்தக் கலப்பு தெரிகிறது. சாய்வு, காதோடு காதாகச் சொல்வது. தடிப்பு, கூரை மேல் ஏறிக் கூவுவது. இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? சபையில் திடீரென்று குரலை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிற மனிதரைப் போல் ஆகும். அவர் ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் சபை திரும்பிப் பார்க்கும். அரை மணி நேரம் அதே குரலில் பேசினால் சபை எழுந்து போய்விடும். இந்த எழுத்தில் முழுப் பக்கம் அடித்திருக்கும் விளம்பர நோட்டீஸைப் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

எழுத்துக்கும் தோலுக்கும் உள்ள சிநேகம் பூட்ஸ் காலத்தில் ஏற்பட்டதென்று நினைக்க வேண்டாம். மேல்நாட்டு அச்சுக்கூடங்களில் சுமார் முந்நூற்றைம்பது வருஷ காலம் ஈய எழுத்துக்கு மை தடவியது தோல்தான். தோலைப் பந்தாகக் கட்டி, உள்ளே கம்பளி அல்லது மயிரைத் திணித்து, மரப்பிடி போட்டு, இரண்டு கையிலும் இரண்டு பந்துகளைப் பிடித்து மையில் ஒற்றி எழுத்தின் மேல் தட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வஜ்ஜிரப் பசையும் வெல்லப்பாகும் கலந்து வார்த்த உருளை வந்த பிறகுதான் தோல் பந்துகள் ஓய்வு பெற்றன.

இப்போது உறவு தலைகீழாகிவிட்டது. முன்பு தோல் எழுத்தின் மேல் பட்டது. இன்று எழுத்து தோலின் மேல் படுகிறது. பித்தளையில் எழுத்தைப் புடைப்பாக வெட்டி, சூடாக்கி, நடுவே தங்க நிறத் தகட்டுக் காகிதத்தை வைத்து அழுத்துகிறார்கள். சூடு பட்ட இடத்தில் மட்டும் நிறம் தோலில் ஒட்டிக்கொள்ளுகிறது. நிறமே இல்லாமல் வெறும் பள்ளமாகப் பதிப்பதும் உண்டு.

இங்கேதான் தோலின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வட ஆர்க்காட்டில் பழைய நாளில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டுதான் தோலைப் பதனிட்டார்கள். பட்டையில் பதமான தோலைச் சற்று ஈரமாக்கி அழுத்தினால், வாங்கிய பள்ளத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். நல்ல ஞாபகசக்தியுள்ள தோல் என்று சொல்லலாம். 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் குரோம் உப்பினால் பதனிடும் முறையைப் பரிசோதித்துப் பரப்பினார். குரோம் தோல் மிருதுவானது, வெந்நீருக்கும் அஞ்சாதது, பூட்ஸின் மேல்பாகத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அழுத்தினால் ரப்பரைப் போல் மீண்டுவிடும். அதில் வெறும் பள்ளமாக எழுத்தைப் பதிப்பது தண்ணீரில் எழுதுவதைவிடச் சற்றே மேலான காரியம். ஆகவே அங்கே நிறத் தகடு இல்லாமல் பெரும்பாலும் முடியாது.

தோலின் மேல் எந்த எழுத்து நன்றாக நிற்கும்? காகிதத்தின் மேல் அழகாயிருக்கும் மெல்லிய எழுத்து தோலுக்கு உதவாது. தோலில் மயிர்த் துவாரங்கள் இருக்கின்றன. மேடு பள்ளம் இருக்கிறது. மயிரிழைக் கோடு ஒரு துவாரத்தைக் கடக்கும்போது அறுந்துவிடும். பூட்ஸுக்குள் குதிகால் நாள்தோறும் உரசுவதால் மிச்சமிருப்பதும் ஒரு மாதத்தில் போய்விடும். தடித்த கோடு நிற்கும். அதற்காக அளவில்லாமல் தடித்துவிட்டால், எழுத்துக்கு உள்ளே இருக்கும் சிறு வெளிகள் தங்கத்தால் அடைபட்டுப் போகும். பாதங்களின் முனை ஊசியாக இருந்தால் சூட்டில் தோலின் மேல்தளத்தை வெட்டிவிடும். அதை மழுக்கிவிட வேண்டும். இவ்வளவையும் பார்த்து வெட்டினால், தடித்த சாய்வெழுத்து தோலின் மேல் வெகு லட்சணமாக இருக்கிறது. சாய்வினால் அது யாரோ எஜமானர் கையெழுத்துப் போட்டது போலவும், தடிப்பினால் அந்த எஜமானர் வசதியுள்ளவர் போலவும் தோன்றுகிறது. பூட்ஸ் வியாபாரிகள் அதைக் கட்டிக்கொண்டு அழுவதன் ரகசியம் இதுதான்.

கையெழுத்துப் போட்டவர் யார் என்பது வேறு விஷயம். ஆம்பூரில் தைத்த பூட்ஸுக்குள் பெரும்பாலும் அன்னிய தேசத்துக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். இரண்டு மூன்று தலைமுறையாகத் தோலோடு வாழ்ந்த ஊரின் பெயர் அந்தக் குதிகால் இடத்தில் வருவது அபூர்வம். ஊர்ப் பெயரைத் தமிழில், அதே தங்கத்தில், அதே சாய்வில் பொறித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்கு உண்டாயிற்று. அங்கேதான் தொல்லையும் ஆரம்பித்தது.

தமிழுக்குச் சாய்வெழுத்து உண்டா? ஈய எழுத்துக் காலத்தில் இல்லையென்றே சொல்லிவிடலாம். 1578-இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. 1713-இல் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துக்கள் கப்பலில் வந்தன. அவை மிகவும் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கியபடியால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக் கொண்டார்கள். சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்தை இன்னும் செப்பனிட்டார். 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி அந்த அச்சுக்கூடத்தின் பெருமை. எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், தெளிவாக்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் கவலை. சாய்க்க வேண்டுமென்ற கவலை யாருக்கும் இல்லை.

காரணம் எளிது. ஆங்கிலத்துக்குச் சிறியதும் பெரியதுமாக 52 எழுத்து. மேலே இலக்கங்களும் குறிகளும். தமிழில் உயிர்மெய் எழுத்துக்களையெல்லாம் சேர்த்துக் கோப்பதற்கு நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் வேண்டும். உகர ஊகார வரிசையில் மட்டும் 36 எழுத்துக்கு 36 வடிவம்! தடித்த எழுத்து வேண்டுமென்றால் இன்னொரு தொகுதி வாங்க வேண்டும். சாய்வெழுத்தும் வேண்டுமென்றால் மற்றொன்று. தடித்த சாய்வெழுத்துக்கு நாலாவது. சிறிய ஊர்களில் அச்சுக்கூடம் நடத்தியவர் நாலு தொகுதி ஈயம் வாங்குவதற்குப் பதில் நாலு மாடு வாங்கியிருப்பார். அவையாவது பால் கறக்கும். அன்றியும், சாய்ந்த எழுத்தின் தலையும் காலும் ஈயக் கட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த மூக்குகள் சீக்கிரம் ஒடியும். ஆங்கிலத்தில் அப்படித் துருத்துவது சில எழுத்துக்களே. தமிழில் கொம்பும் சுழியும் காலும் வாலுமாக எத்தனை ஒடியுமோ!

எனவே தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமென்றால் தடித்த எழுத்தில் போட்டன; அல்லது பெரிய எழுத்தில் போட்டன; அல்லது மேற்கோள் குறிக்குள் அடைத்தன. ‘கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, தெரியவில்லையா?’ என்று நம் பாட்டன்மார் கோபித்துக் கொண்டார்கள். சாய்வெழுத்தைப் பற்றி அப்படி ஒரு வழக்கு தமிழில் இல்லாததே, அந்த எழுத்து நம் வீட்டில் பிறந்ததில்லை என்பதற்கு அத்தாட்சி.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், ஆம்பூரிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மாடுகளைக் கவர வந்த படையோடு பொருது உயிர் துறந்த வீரர்களுக்காக நாட்டியவை. தோலூரின் மிகப் பழைய எழுத்தும் மாட்டைப் பற்றியதாகவே இருப்பது ஓர் ஆச்சரியந்தான். பழைய கல்வெட்டுக்களில் அரசன் பெயரானாலும் சரி, மாடு காத்தவன் பெயரானாலும் சரி, உளி ஒரே கனமாகத்தான் வெட்டியது. தடிப்பும் இல்லை, சாய்வும் இல்லை. ஓலையிலும் அவ்விதமே. எழுத்தாணி கீறும் கோட்டுக்கு ஒரே பருமன்.

உருதுக்காரர்கள் இந்தப் பிரச்னையை வேறு விதமாகத் தீர்த்துக் கொண்டார்கள். அவர்களுடைய நஸ்தலீக் எழுத்து பாரசீகத்தில் பிறந்தது. இயற்கையாகவே சரிந்து இறங்குவது. ஏற்கெனவே சாய்ந்திருப்பதை இன்னும் சாய்த்து அழுத்தம் காட்ட முடியாதல்லவா? ஆகவே அழுத்தம் வேண்டிய இடத்தில் காத்திப், அதாவது எழுத்துக் கலைஞர், நாணல் பேனாவை மாற்றுவார். பருத்த பேனாவில் எழுதினால் ‘ஜலீ’. மெல்லிய பேனாவில் எழுதினால் ‘கஃபீ’. நஸ்தலீக்கை ஈயத்தில் வார்ப்பது பிரம்மப் பிரயத்தனமாக இருந்தபடியால், 1927-இல் சென்னையில் ஆரம்பித்த ‘தி முஸல்மான்’ தினசரியைக் கையால் எழுதியே அச்சிட்டு வந்தார்கள். 1981-இல் மிர்ஸா அஹமத் ஜமீல் என்பவர் ஆயிரக் கணக்கான கூட்டெழுத்துக்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்த பிறகே நஸ்தலீக் இயந்திரத்துக்குள் புகுந்தது. கையில் இருந்ததை இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உட்கார்ந்து வரைந்தே தீர வேண்டும். இதை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், கம்ப்யூட்டர் வந்ததும் தமிழுக்குச் சாய்வெழுத்து யாரும் வரையாமலே கிடைத்துவிட்டது. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்துக்கள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு டிகிரி வலப்புறம் சாய்கின்றன. இன்னொரு பொத்தானை அழுத்தினால் தடிக்கின்றன. நாலு தொகுதி ஈயம் வாங்க வேண்டியதில்லை. அச்சகத்தாருக்குக் கொண்டாட்டம். கல்யாணப் பத்திரிகை, கடைப்பலகை, மருந்துச் சீட்டு, எதைப் பார்த்தாலும் எழுத்துக்கள் காற்றில் சாய்ந்த நெற்பயிராகக் காட்சியளிக்கின்றன.

இது உண்மையான சாய்வெழுத்தன்று. பிடித்துத் தள்ளிய எழுத்து. ஆங்கிலச் சாய்வெழுத்தில் வடிவமே மாறுகிறது. நேர் எழுத்தில் தலைக்கு மேல் குடை பிடித்திருக்கும் சின்ன ‘ஏ’, சாய்வில் குடையை மடக்கிவிட்டு ஒரு வட்டமும் ஒரு கோடுமாக நிற்கும். ‘எஃப்’ எழுத்து வரிக்குக் கீழே வால் விடும். பேனா ஓடின வழி அதில் தெரியும். பிடித்துத் தள்ளிய எழுத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. அதிலும் நம் ‘ட’வையும் ‘ப’வையும் பாருங்கள். கொத்தனார் மூலைமட்டம் வைத்துக் கட்டியவை. அவற்றைச் சாய்த்தால் ஒரு கால் ஒடிந்த நாற்காலியும் மழையில் சரிந்த மண்சுவரும் நினைவுக்கு வருகின்றன.

அழகு கெடுவது பெரிதில்லை. அர்த்தம் கெடுகிறதே, அதுதான் விபரீதம். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள பேதம் அடியில் இடப்புறம் இழுக்கும் ஒரு சிறு கோடு. எழுத்தைத் தடிக்க வைத்தால் அந்தக் கோடு உடம்போடு ஒட்டுகிறது. வலப்புறம் சாய்த்தால் இன்னும் மறைகிறது. சின்ன எழுத்தில் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகிவிடும். இகரக் கொக்கிக்கும் ஈகாரக் கொக்கிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு சுழி. தடிப்பில் சுழி அடைபட்டால் ‘வீடு’ விற்பனைக்கு என்று போட்டது ‘விடு’ விற்பனைக்கு என்று ஆகும். பீடிக்குப் பெயர் பெற்ற இந்த ஜில்லாவில் ‘பீடி’க்கும் ‘பிடி’க்கும் குழப்பம் வருவதை வியாபாரிகள் விரும்ப மாட்டார்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியோ, சாய்க்கும்போது தன் எழுத்தை விட்டு நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரப் பார்க்கிறது. பழைய ஓலைகளில் புள்ளியே இடாமல் விட்டார்கள். இடம் பார்த்து அர்த்தம் செய்துகொண்டார்கள். படிக்கிறவருக்கு அன்று அவகாசம் இருந்தது.

அவகாசம் இல்லாத இடம் ஒன்றைச் சொல்லுகிறேன். தோல் பதனிடும் சாலையில் மயிர் களைவதற்குச் சுண்ணாம்போடு ஸோடியம் ஸல்பைடு என்ற சரக்கைச் சேர்க்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அமிலம் வருகிறது. இவை இரண்டும் ஒன்று கலந்தால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. பிறகு ஆளை விழுத்தாட்டும். பீப்பாயின் மேலும் தொட்டியின் பக்கத்திலும் இருக்கிற எச்சரிக்கையை, நீராவியிலும் மங்கின வெளிச்சத்திலும், பத்தடி தூரத்திலிருந்து, வேலைக் களைப்பில் இருக்கும் ஒரு மனிதர் ஒரே பார்வையில் படிக்க வேண்டும். அந்த எழுத்தைத் தடித்த சாய்வில் போடுவது மகா பாதகம் என்று நான் சொல்லுவேன். ‘முக்கியமான செய்தி, ஆகவே தடிக்கவும் வேண்டும், சாயவும் வேண்டும்’ என்று எண்ணி நல்லெண்ணத்தோடு போடுகிறவர்கள் உண்டு. அங்கே வேண்டியது நேராக நிற்கும் கொட்டை எழுத்து. சுழிகள் திறந்திருக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக இருக்க வேண்டும். தமிழிலும், வேலை செய்கிறவர்கள் உருது படிப்பவர்களானால் உருதுவிலும், இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’ என்பதற்கும் இதுவே விதி.

அப்படியானால் தமிழுக்குச் சாய்வெழுத்தே வேண்டாமா? எனக்கு அவ்வளவு கட்டுப்பெட்டித்தனம் இல்லை. எழுத்து மாறக்கூடாது என்ற கட்சியில் நான் இல்லை. வீரமாமுனிவர் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனிக் கொம்பு கொடுத்தார். பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ பத்திரிகையில் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டு அச்சுக்கோப்போர் சுமையைக் குறைத்தார். 1973 டிசம்பர் 24-ந் தேதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். 1978-இல்தான் அந்த வடிவங்கள் அரசாங்க உத்தரவாக வந்தன. இன்று பள்ளிக் குழந்தைகளுக்குப் பழைய ‘லை’யைக் காட்டினால் யானையின் தும்பிக்கை என்று சிரிப்பார்கள். புதியது பழகிவிடும். ஆனால் அவையெல்லாம் ஒருவர் யோசித்துச் செய்த மாறுதல்கள். பொத்தானை அழுத்தி நேர்ந்தவை அல்ல.

யோசித்துச் செய்த தமிழ்ச் சாய்வெழுத்தும் இப்போது உண்டு. உலகத்து மொழிகள் அனைத்துக்கும் எழுத்து வேண்டுமென்று கூகிள் கம்பெனியார் ‘நோட்டோ’ என்ற பெரிய எழுத்துக் குடும்பத்தை உண்டாக்கி இலவசமாக வழங்கினார்கள். எழுத்து இல்லாத இடத்தில் திரையில் வெறும் கட்டம் தோன்றுமே, அதற்குப் பரிகாசப் பெயர் ‘டோஃபு’. டோஃபு இல்லாமற் செய்வதே நோட்டோ. அந்தக் குடும்பத்தில் ‘நோட்டோ ஸெரிப் தமிழ்’ என்று ஒரு கிளை. அதில் மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வுத் துணை. ஆக, தடித்த சாய்ந்த தமிழ் ஸெரிப் எழுத்து இன்று யாருக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. ரோமாபுரிப் பாதத்தைத் தமிழில் அப்படியே ஒட்ட வைக்க முடியாது; கோட்டின் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதே தமிழில் அந்தக் குணத்தைக் காட்டுகிறது. ஒரு கட்டுரையின் நடுவே ஒரு நூற்பெயருக்கோ, தலைப்புக்குக் கீழே ஒரு வரிக்கோ, நாலு வார்த்தை விளம்பரத்துக்கோ அது தாராளமாகப் பயன்படும். ஒரு பாரா முழுவதற்கும் போட்டால் கண் வலிக்கும்.

என் ஆசை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆல்டஸ் எந்தக் கையெழுத்தைப் பார்த்துச் சாய்வெழுத்து வெட்டச் சொன்னார்? படிப்பாளியும் குமாஸ்தாவும் வேகமாக எழுதிய கையெழுத்தை. நமக்கும் அப்படி ஒரு கை இருந்தது. 1980-இல் பதவி ஒழியும் வரையில் கர்ணங்கள் எழுதிவந்த கிராமக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்தும் எழுத்தும் பின்னிக்கொண்டு, ‘ட’வின் மூலை மழுங்கி, வரி முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடும். கர்ணம் எழுதியதைக் கர்ணமே படிக்க முடியாது என்று பரிகாசம் செய்வார்கள். அந்தப் பரிகாசத்தில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அவசரத்தில் தமிழ் எழுத்து எந்தப் பக்கம் வளையும், எங்கே சாயும், எங்கே சாய மறுக்கும் என்பதற்கு அந்தக் கணக்குக் கட்டுகளே சாட்சி. பொத்தானை நம்பாமல் அவற்றை எதிரே வைத்துக்கொண்டு ஒரு சித்திரக்காரர் உட்கார்ந்தால், தமிழுக்குச் சொந்தமான சாய்வெழுத்து பிறக்கும்.

அது பிறக்கும் வரையில் பித்தளையில் ‘ஆம்பூர்’ என்று வெட்ட விரும்புகிற பூட்ஸ்காரருக்கு இரண்டொரு யோசனை சொல்லலாம். ‘ஆ’வின் வால் சுழியைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து விட வேண்டும், இல்லாவிட்டால் தங்கம் அதில் குளம் கட்டும். ‘ம்’ மேலுள்ள புள்ளியைச் சாய்வோடு சாய விடாமல் எழுத்தின் நடு உச்சிக்கு இழுத்து வைக்க வேண்டும். ‘பு’வையும் ‘பூ’வையும் பிரிப்பது கீழ்வாலில் வரும் சிறு வளைவு, தோலின் மயிர்த் துவாரத்தில் அது தொலைந்துபோகாதபடி பருமனாக வெட்ட வேண்டும். கடைசியில் நிற்கும் ‘ர்’தான் எல்லாவற்றிலும் பயமுறுத்துவது. ஆனால் பழைய ஈய எழுத்துக்களில் ‘ர்’ என்பதற்கு அடிக்கோடு போடாமலே விடுவதுண்டு. துணைக்காலின் மேல் ஒருபோதும் புள்ளி வராதாகையால், படிப்பவருக்கு மயக்கம் இல்லை. அச்சுக்கோப்போருக்குத் தெரிந்திருந்த அந்த யுக்தி பித்தளைக்கும் உதவும். அடிக்கோட்டை விட்டுவிடலாம், புள்ளியை மட்டும் நன்றாக அழுத்தி வெட்டினால் போதும்.